எத்தனை நிமிடம் தவறுகிறது? கடிகாரம் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

"கடிகாரம் சரியா ஓடலை" என்று மட்டும் எழுதினால் பதில் சொல்வது கஷ்டம். முந்துகிறதா, பிந்துகிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு, தினமும் ஒரே அளவா என்று குறித்து அனுப்புங்கள். செல்போன் மணியைப் பார்த்து முள்ளை வைத்துவிட்டு, சரியாக 24 மணி நேரம் கழித்து மறுபடி ஒப்பிட்டால் போதும். அளவு தெரிந்தால் பெரும்பாலும் காரணமும் தெரிந்துவிடும்.

கேள்வி: அப்பா கட்டிய எச்எம்டி ஜனதா வாட்சை இப்போது நான் கட்டுகிறேன். போன வருஷம் சர்வீஸ் ஆனது. தினமும் 20 நொடிக்குள்தான் வித்தியாசம் இருந்தது. திடீரென்று ஒரு நாளைக்கு 12 நிமிடம் வேகமாக ஓடுகிறது. மறுபடி முழுசாகப் பிரிக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். பிரிக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒழுங்காக ஓடிய சாவி வாட்ச் திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் முதல் சந்தேகம் காந்தத்தின் மேல்தான். ஜனதாவுக்குள் முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் வீல் மணிக்கு 18,000 தடவை, அதாவது நொடிக்கு 5 தடவை அடிக்கிறது. அந்த வேகத்தைக் கட்டிப்போட்டிருப்பது மெல்லிய ஹேர் ஸ்பிரிங். காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடுவதால் வீல் வேகமாக ஆடும். செல்போன் ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த போன் கவர், கைப்பையின் காந்தக் கொக்கி, இவற்றை ஒட்டி ஒரு ராத்திரி கிடந்தாலே இது நடக்கலாம்.

சோதிக்க ஒரு சின்னத் திசைகாட்டி போதும். அதை மேஜையில் வைத்து, வாட்சைப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகத் திருப்புங்கள். இரும்புப் பாகங்கள் இருப்பதால் முள் லேசாக அசைவது இயல்பு. வாட்சைத் திருப்பத் திருப்ப முள்ளும் நன்றாகச் சாய்ந்து திரும்பினால் காந்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

காந்தத்தை இறக்க டீமேக்னடைசர் என்ற சின்ன நீலப் பெட்டி வாட்ச் சாமான் கடைகளில் கிடைக்கும். வாட்சை அதன் மேல் வைத்து, பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே வாட்சை மெதுவாக 40, 50 சென்டிமீட்டர் தூரத்துக்கு எடுத்துச் சென்று, அதன் பிறகுதான் பொத்தானை விட வேண்டும். வாட்ச் பெட்டியின் மேலேயே இருக்கும்போது பொத்தானை விட்டால் அந்த நொடியில் இருந்த காந்தம் அப்படியே உள்ளே தங்கிவிடும். "காந்தம் எடுத்தும் சரியாகலை" என்று சொல்பவர்களில் நிறையப் பேர் செய்த தப்பு இதுதான். பொத்தானைச் சில நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள், பெட்டி சூடாகும்.

அப்படியும் வேகம் குறையவில்லை என்றால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டு ஒட்டியிருக்கலாம், அல்லது அடிபட்டு ஒரு சுற்று மாறியிருக்கலாம். அப்போது பிரிப்பதில் நியாயம் உண்டு.

மற்ற அளவுகளையும் சொல்லிவிடுகிறோம். தினமும் ஒரே சீராக 1, 2 நிமிடம் தவறினால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை மயிரிழை நகர்த்தினால் போதும். சில நாள் சரியாக ஓடி, சில நாள் 20 நிமிடம் பின்தங்கினால், உள்ளே மிஷின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, நிமிட முள்ளைச் சுழற்றும் சின்னக் குழாய்ச் சக்கரமான கேனன் பினியன் தளர்ந்து முள் மட்டும் வழுக்குகிறது. சாவியை இழுத்து முள்ளைத் திருப்பும்போது பிடிப்பே இல்லாமல் சுற்றினால் இது உறுதி. முழுச் சாவி கொடுத்தும் 20 மணி நேரத்தில் நின்றால் மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, இல்லையேல் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஜனதா ஒன்றரை நாளைத் தாண்டி ஓட வேண்டும்.

தினம் 30 நொடி வித்தியாசத்துக்காகக் கடை கடையாக அலையாதீர்கள். நாளுக்கு 4,32,000 அடிப்பில் 30 நொடி என்பது 0.035 சதவீதம்தான். அந்தக் காலத்துச் சாவி வாட்சுக்கு இது நல்ல மதிப்பெண்.

கேள்வி: அதிகமாகச் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று மாமனார் பத்துச் சுற்றோடு நிறுத்தச் சொல்கிறார். சரியா? (வாசகி, விருதுநகர்)

பதில்: மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கையால் சாவி கொடுக்கும் வாட்சில் சாவி நிற்கும் வரை கொடுக்கத்தான் வேண்டும். நின்ற பிறகு நெரிக்கக் கூடாது, அவ்வளவுதான். பாதிச் சாவியில் ஓடவிட்டால் ஸ்பிரிங் இழுப்பு குறைந்து நேரம் தடுமாறும். தினமும் காலையில் ஒரே நேரத்தில், கையில் இருந்து கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். கட்டியபடியே கொடுத்தால் சாவித் தண்டின் மேல் பக்கவாட்டில் அழுத்தம் விழுந்து அது சீக்கிரம் தேயும்.

கேள்வி: தாத்தா காலத்து ஜெர்மன் பெண்டுலம் கடிகாரம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றி மாட்டினோம். அதிலிருந்து ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் பார்த்தாயிற்று. (வாசகர், காரைக்குடி)

பதில்: எண்ணெய்க்குப் பிறகு வருவோம். மாட்டிய கோணம் மாறியதுதான் காரணமாக இருக்கும். பெண்டுலத்தை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் நடுவே சம இடைவெளி இருக்க வேண்டும். டிக்டாக்... டிக்டாக்... என்று நொண்டினால் ஒரு பக்கம் தள்ளு கிடைக்கிறது, மறுபக்கம் கிடைக்கவில்லை. ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கி நின்றுவிடும்.

பெட்டியின் அடிப்பாகத்தைச் சுவரோடு ஒட்டியபடி இடம் வலமாக ஒவ்வொரு மில்லிமீட்டராக நகர்த்துங்கள். ஓசை சமமானதும் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். அடுத்த வெள்ளையடிப்புக்கு உதவும். மட்டப் பலகை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, காது சொல்வதுதான் கணக்கு. அந்த நிலையில் பெட்டி கோணலாகத் தெரிவது உறுத்தினால், பின்னால் பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியைத் துளி வளைக்கலாம். ஓசை சமமாகும் நிலையில் பெட்டியின் எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமாக வளைக்க வேண்டும். பெண்டுலம் தொங்கும் மெல்லிய தகடு ஸ்பிரிங் மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெண்டுலத்தைக் கழற்றாமல் கடிகாரத்தைத் தூக்கினால் முதலில் கெடுவது அந்தத் தகடுதான்.

ஓட ஆரம்பித்த பிறகு வேகத்தைச் சரிபார்க்கலாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடிப்பு என்று எண்ணுங்கள். 120 வந்தால் பெண்டுலத்தின் செயல்படு நீளம் (தொங்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய குண்டின் நடு வரை) நம் ஊரில் ஏறக்குறைய 24.8 சென்டிமீட்டர். அதில் குண்டு 1 மில்லிமீட்டர் ஏறினால் நாளுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் வேகம் கூடும், இறங்கினால் அதே அளவு குறையும். 150 அடிப்பு என்றால் நீளம் 16 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 1 மில்லிமீட்டருக்கு நாலரை நிமிடம் மாறும். ஆகவே அடியிலுள்ள நட்டை அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம். திருப்பிவிட்டு ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். தாமதத்துக்குச் சித்திரை வெயிலைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. 10 டிகிரி வெப்பம் கூடினால் பித்தளைத் தண்டு பெண்டுலம் நாளுக்கு 8 நொடி பிந்தும், எஃகுத் தண்டு 5 நொடி. நிமிடக் கணக்கில் பிந்தினால் வெயிலின் மேல் பழி போட முடியாது.

இப்போது எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் உங்கள் வீட்டுப் பாட்டிலே சொல்லும். உறையாத காலத்திலும் நாளடைவில் பிசினாகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூசியும் எண்ணெயும் சேர்ந்த அந்தக் கலவை, சக்கரத் தண்டுகள் சுழலும் பித்தளைத் துளைகளை அரைத்து முட்டை வடிவமாக்கிவிடும். பிறகு தேய்ந்த துளையில் புது வளையம் (புஷ்) அடிக்காமல் வழியில்லை. தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம், அது நிற்காமல் பரவி ஓடிவிடும். கடிகார எண்ணெய் என்றே தனியாக உண்டு. ஊசி முனையில் தொட்ட அளவு, தண்டு முனைகளுக்கு மட்டும். பல் சக்கரங்களின் பற்களுக்கு எண்ணெயே கூடாது.

நீங்கள் விட்ட எண்ணெயை எடுக்க மிஷினைப் பிரித்துக் கழுவ வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள். 8 நாள் ஓடும் கடிகாரத்தின் ஸ்பிரிங் சாவி ஏறிய நிலையில் விடுபட்டால் விரலை உடைக்கும். முதலில் ஸ்பிரிங்கை முறையாக இறக்கத் தெரிந்த கை வேண்டும்.

கேள்வி: எங்கள் சுவர்க் கடிகாரம் 4 மணிக்கு 7 அடிக்கிறது. முள் சரியாகவே இருக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உள்ளே மணி அடிப்பதை எண்ணுவது வெட்டுகள் போட்ட ஒரு தட்டுச் சக்கரம். அதற்கு முள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. 1, 2, 3 என்று வரிசையாக அடித்துக்கொண்டே போகும். அடிக்கும் பக்கத்துச் சாவி தீர்ந்து கடிகாரம் மட்டும் ஓடியிருந்தால் இரண்டும் பிரிந்துவிடும். பொதுவாக முகத்தில் இடது துளை அடிப்புக்கு, வலது துளை ஓட்டத்துக்கு.

பெரிய முள்ளை 12-க்குக் கொண்டுபோய் அடிக்கவிடுங்கள். அடித்து முடிந்ததும் 8-க்கும் 9-க்கும் நடுவே பின்னால் கொண்டுவந்து, மறுபடி 12-க்கு ஏற்றுங்கள். அடுத்த எண்ணை அடிக்கும். 7, 8, 9 என்று தொடர்ந்து, 12 முடிந்து, 4 வரும் வரை செய்யுங்கள். அரை மணிக்கு ஒரு அடி அடிக்கும் கடிகாரமானால் அதையும் கணக்கில் வையுங்கள். முள் பின்னால் வர அடம்பிடித்தால் அழுத்த வேண்டாம். சில கடிகாரங்களில் உள்ளே தொங்கும் ஒரு கம்பியைத் தூக்கினாலே அடிக்கும்.

கேள்வி: இங்கிலாந்திலிருந்து திரும்பிய சித்தப்பா ஆளுயரப் பெண்டுலம் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். லண்டனில் நொடி தவறாமல் ஓடியதாம். சென்னையில் தினம் 2 நிமிடம் பிந்துகிறது. கப்பலில் அடிபட்டிருக்குமோ? (வாசகர், சென்னை)

பதில்: அடிபடவில்லை, புவியீர்ப்புதான் குறைந்திருக்கிறது. லண்டனைவிடச் சென்னை நிலநடுக்கோட்டுக்கு நெருக்கம். இங்கே ஈர்ப்பு சுமார் 0.3 சதவீதம் குறைவு. கணக்குப் போட்டால் நாளுக்கு 128 நொடி தாமதம் வரும், நீங்கள் எழுதிய 2 நிமிடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நொடிக்கு ஒரு அடிப்பு அடிக்கும் பெண்டுலத்துக்கு லண்டனில் 99.4 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், சென்னையில் 99.1. குண்டை 3 மில்லிமீட்டர் ஏற்றுங்கள், தீர்ந்தது.

இதை முதலில் எதிர்கொண்டவர் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே. 1672-இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் போனபோது அவருடைய கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. பூமி துருவங்களில் தட்டையானது என்று நியூட்டன் வாதிட்டபோது இந்தத் தாமதத்தையும் சான்றாக எடுத்துக்கொண்டார். உங்கள் சித்தப்பாவின் கடிகாரத்தைச் சென்னையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுபோனால் உயரத்தின் காரணமாக இன்னும் 20, 30 நொடி பிந்தும். கைக்கடிகாரத்துக்கு இந்தக் கவலை இல்லை, அதில் பாலன்ஸ் வீலைத் திருப்பி இழுப்பது ஸ்பிரிங், ஈர்ப்பு அல்ல.

கேள்வி: பெரியப்பா 1943-இல் பிறந்தவர். ஜாதகத்தில் உதயாதி நாழிகை 13, விநாழிகை 20 என்று இருக்கிறது. மருத்துவமனைச் சீட்டில் போட்ட மணியோடு ஒரு மணி நேரம் உதைக்கிறது. எது சரி? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். முதலில் நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 நொடி. 13 நாழிகை 312 நிமிடம், 20 விநாழிகை 8 நிமிடம். ஆக, சூரியன் உதித்து 5 மணி 20 நிமிடம் கழித்துப் பிறப்பு. உதயம் 6.10 என்றால் 11.30.

போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, இந்தியாவில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் சூரியக் கணக்கில் 11.30 ஆன பிறப்பு மருத்துவமனைக் கடிகாரத்தில் 12.30 என்று பதிவாகியிருக்கும். அரசாங்கம் முள்ளை எங்கே தள்ளினாலும் உதயாதி நாழிகை மாறாது, பழைய பிறப்புகளுக்கு அதுவே நம்பகமானது. கணினியில் ஜாதகம் போடுபவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைக் கழித்தார்களா என்று கேளுங்கள்.

இன்னும் பழைய குறிப்பு என்றால் வேறொரு சிக்கல் உண்டு. இந்தியப் பொது நேரம் 1906 ஜனவரி 1-இல்தான் வந்தது. அதற்கு முன் இங்கே இருந்தது மெட்ராஸ் டைம். நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தின் தீர்க்கரேகையை அங்கிருந்த வானியலாளர் கோல்டிங்ஹாம் 1802-இல் கணக்கிட்டதிலிருந்து வந்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். இன்றைய நேரத்தோடு ஒப்பிட்டால் 8 நிமிடம் 46 நொடி பின்னால். ரயில்களும் இந்த நேரத்தில்தான் ஓடின. லக்னத்தின் விளிம்பில் பிறந்தவர்களுக்கு இந்த 9 நிமிடமே லக்னத்தை மாற்றிவிடும்.

இலங்கை வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 1996 மே 25-இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள், அதே ஆண்டு அக்டோபர் 26-இல் அரை மணி குறைத்தார்கள், 2006 ஏப்ரல் 15-இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. அந்தப் பத்தாண்டுகளில் வடக்கில் பிறந்த குழந்தைக்கு எந்த மணி எழுதப்பட்டது என்று வீட்டில் விசாரித்த பிறகே ஜாதகம் எழுதக் கொடுங்கள்.

கேள்வி: திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9. சில பஞ்சாங்கத்தில் 8 மணிக்கு ஆரம்பம் என்று இருக்கிறதே? (வாசகி, வேலூர்)

பதில்: பகலை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாவது பங்கு. காலண்டர்காரர்கள் உதயம் 6, அஸ்தமனம் 6 என்று வைத்துக்கொள்கிறார்கள். தை மாதத் தொடக்கத்தில் சென்னையில் உதயம் ஏறக்குறைய 6.34, அஸ்தமனம் 6 மணி ஒட்டி. ஒரு பங்கு 86 நிமிடம்தான். இரண்டாவது பங்கு 8.00 முதல் 9.25 வரை. நம்புகிறவர்கள் உதயத்தை வைத்துப் பார்ப்பதுதான் முறை.

கேள்வி: திருவிசநல்லூர் கோயில் மதிலில் உள்ள சூரியக் கடிகாரத்தைப் பிப்ரவரியில் பார்த்தோம். நிழல் 12 காட்டும்போது செல்போனில் 12.26. கல் சாய்ந்துவிட்டதா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அந்த 26 நிமிடத்தை வைத்துக் கல்லைக் குறை சொல்ல முடியாது. நம் செல்போன் காட்டுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். கும்பகோணம் பக்கம் 79.4 டிகிரி. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் சூரியன் உங்கள் ஊர் உச்சிக்கு வரச் சராசரியாக 12 நிமிடம் தாமதம். இதோடு, பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து சூரியனைப் பிப்ரவரி 11 வாக்கில் இன்னும் 14 நிமிடம் பின்தள்ளும். 12-உம் 14-உம் 26. நவம்பர் 3 வாக்கில் போய்ப் பாருங்கள். அப்போது சூரியன் 16 நிமிடம் முந்தும், 11.56-க்கே நிழல் 12-ஐத் தொட வேண்டும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25, இந்த நான்கு தேதிகளை ஒட்டி அந்த 12 நிமிடம் மட்டும்தான் மிஞ்சும். அந்த நாட்களில் அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் கல்லைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். நாடி பார்க்க எந்த வாட்ச் வாங்கலாம்? (மாணவி, நாகர்கோவில்)

பதில்: சட்டையில் குத்திக்கொள்ளும் குவார்ட்ஸ் வாட்ச். மணிக்கட்டில் வாட்ச் இருந்தால் கையை முழுதாகக் கழுவ முடியாது. வெள்ளை டயல், 60 கோடுகளும் தெளிவாக, சிவப்பு நொடி முள் நடுவிலிருந்து கிளம்ப வேண்டும். துல்லியத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். நாளுக்கு 30 நொடி தவறும் வாட்ச்கூட ஒரு நிமிடத்தில் 0.02 நொடிதான் தவறும். நாடி சீராக இருந்தால் 15 நொடி எண்ணி நாலால் பெருக்கலாம். சீரில்லை என்றால் முழு 60 நொடியும் எண்ணுங்கள், மூச்சுக்கும் அப்படித்தான்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாட்சுக்குப் பேட்டரி போட வேண்டியிருக்கிறது. வாட்ச் கெட்டுவிட்டதா? (வாசகர், ஈரோடு)

பதில்: போட்ட செல்லைப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு வகை உண்டு. எஸ்ஆர்626எஸ்டபிள்யூ, அல்லது 377 என்று இருந்தால் சில்வர் ஆக்சைடு. 1.55 வோல்ட்டைக் கடைசி வரை ஒரே சீராகக் கொடுக்கும். எல்ஆர்626, அல்லது ஏஜி4 என்று இருந்தால் பொம்மைக்குப் போடும் அல்கலைன். வோல்ட் படிப்படியாக இறங்கும், சீக்கிரம் கசியவும் செய்யும். செல்லின் முதுகில் "எஸ்ஆர்" எழுத்தைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

சில்வர் ஆக்சைடு போட்டும் ஆறு மாதம் தாங்கவில்லை என்றால்தான் வாட்சைச் சந்தேகப்பட வேண்டும். அந்தச் செல்லின் கொள்ளளவு சுமார் 27 மில்லியாம்பியர் மணி. ஆரோக்கியமான மூன்று முள் மிஷின் 1 முதல் 1.5 மைக்ரோ ஆம்பியர்தான் குடிக்கும், இரண்டு வருஷம் வர வேண்டும். கடைக்காரரிடம் குவார்ட்ஸ் டெஸ்டர் இருந்தால் அளக்கச் சொல்லுங்கள். 5-க்கு மேல் காட்டினால் உள்ளே எண்ணெய் காய்ந்து சக்கரம் இறுகியிருக்கிறது.

செல்லை உலோக இடுக்கியால் இரண்டு பக்கமும் கவ்வினால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் இடுக்கி உள்ளவரிடம் போங்கள். நின்றுபோன செல்லை மட்டும் வாட்சுக்குள் விட்டுவைக்காதீர்கள், கசிந்தால் சர்க்யூட்டே போய்விடும்.

கேள்வி: சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் 9-க்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டே நிற்கிறது. ஏன் எப்போதும் 9? (வாசகி, கோவை)

பதில்: 12-லிருந்து 6 வரை முள் தன் எடையால் இறங்குகிறது. 6-லிருந்து 12 வரை மோட்டார் அதைத் தூக்க வேண்டும். முள் படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும் 9-இல்தான் சுமை அதிகம். பலம் குறைந்த செல் அங்கே தோற்கிறது. செல்லை மாற்றுங்கள், முனைகளில் வெள்ளைப் பூஞ்சை போல உப்பு படிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

புதுச் செல்லிலும் துடித்தால் மிஷினை மாற்றுவதே லாபம். பழுது பார்க்கிற வேலையே இல்லை. குஜராத்தின் மோர்பியில் இந்தப் பிளாஸ்டிக் மிஷின்கள் மலை மலையாகத் தயாராகின்றன. வாங்கும்போது பழைய மிஷினைக் கையோடு கொண்டுபோங்கள், தண்டின் நீளம் ஒத்துப்போக வேண்டும். நொடி, நிமிடம், மணி என்ற வரிசையில் முட்களை இழுத்து, நடு நட்டைக் கழற்றி மாற்றுங்கள். திருப்பிப் போடும்போது மணி முள், நிமிட முள் இரண்டையும் சரியாக 12-இல் வையுங்கள். முட்கள் ஒன்றையொன்று உரசுகிறதா என்று ஒரு முழுச் சுற்று கையால் திருப்பிப் பார்த்த பிறகு சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி: பழைய எச்எம்டி வாட்ச் ஒன்று வாங்க ஆசை. ஆன்லைனில் பளபள டயலோடு நிறைய வருகிறது. ஏமாறாமல் வாங்குவது எப்படி? (வாசகர், மதுரை)

பதில்: பளபள என்றாலே நில்லுங்கள். எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. டாடாவும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் கட்டிய டைட்டன் எண்பதுகளின் பின்பாதியில் குவார்ட்ஸோடு வந்ததும் சந்தை திரும்பியது. எச்எம்டி வாட்சஸை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஆகவே நல்ல நிலையில் கிடைக்கும் ஜனதாக்கள் பல பத்தாண்டுகள் கையில் கிடந்தவை. அவற்றின் டயல் வெயிலில் கொஞ்சமாவது மங்கியிருக்கத்தான் வேண்டும்.

பழைய டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து அச்சிட்டது ரீடயல். ஆரஞ்சு, கிளிப்பச்சை, இரட்டை நிறம் என்று கண்ணைப் பறிப்பவை பெரும்பாலும் இவைதான். எச்எம்டியின் கறுப்பு டயல் பைலட் மாடலில் இது அதிகம். பூதக்கண்ணாடியில் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலை அச்சு கத்தியால் வெட்டியது போல் இருக்கும், ரீடயலில் மை கசிந்து நெளியும், நிமிடக் கோடுகள் மணிக் கோட்டோடு நேராக நிற்காது. இருட்டில் முள் மட்டும் ஒளிர்ந்து டயல் புள்ளிகள் ஒளிரவில்லை என்றால் இரண்டும் வேறு வேறு வாட்சிலிருந்து வந்தவை. ரீடயல் வாட்ச் ஓடாது என்று சொல்லவில்லை. ஒரிஜினல் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பின்மூடியைத் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். சக்கரங்களைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டில் (பிரிட்ஜ்) எச்எம்டி முத்திரையும், பெரும்பாலும் 0231 என்ற எண்ணும் இருக்கும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பல கைகள் மாறிய வாட்ச். மூடி திறக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நேரில் வாங்கினால் முழுச் சாவி கொடுத்து, முகம் மேலாக ஒரு நிமிடமும் கீழாக ஒரு நிமிடமும் காதில் வைத்துக் கேளுங்கள். ஓசை இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மங்கினால் பாலன்ஸ் தண்டின் முனை தேய்ந்திருக்கிறது. முடிந்தால் முன்பணம் கொடுத்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்குள் தவறினால் தாராளமாக வாங்கலாம். 3, 4 நிமிடம் பிந்தினால் ஒரு முழு சர்வீஸ் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.